முதல் பழைய கார்: எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய கார் ஒன்றை விலைக்குக் கேட்கப் போகும் இளைஞர் முதலில் பானட்டைத் திறக்கிறார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும், முன்பணமும் கைமாறிவிடும். அதே வண்டியைப் பார்க்க நாற்பது வருடம் கை அழுக்காக வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய்ப் பாருங்கள். அவர் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார். சேஸிஸ் எண் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். பிறகு கால்மிதியைத் தூக்கிவிட்டுத் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கடைசியில்தான் கேட்பார்.

அந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சினில் எது கெட்டாலும் அதற்கு இன்ன செலவு, இத்தனை நாள் என்று சொல்லிவிடலாம். துருப்பிடித்த பாடிக்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பிரித்துப் பார்க்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஆவணம் கெட்ட வண்டியோ எத்தனை லட்சம் கொட்டினாலும் சாலைக்கு வராமலே போகலாம். ஆகவே முதலில் காகிதம், அடுத்து உடம்பு, கடைசியில் எஞ்சின். குறைந்த பணத்தில் பழைய கார் வாங்க ஆசைப்படும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர் இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் பெரிய இழப்புகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

எந்த வயது வண்டி?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, முப்பது வயது நிறைந்து, தன் காலத்து அமைப்பு மாறாமல் பேணப்படும் வண்டியை வரலாற்று வாகனமாகக் கருதுகிறது. இந்தியச் சட்டம் வைக்கும் கோடு வேறு. 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத சொந்த வண்டிதான் 'விண்டேஜ்'. அதற்குத் தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். எண்பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவு எண் உள்ள வண்டி அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்காக மட்டுமே விண்டேஜ் வண்டியைச் சாலையில் எடுக்கலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போக அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்வர ஆசைப்படுகிறவருக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து வயதுள்ள, சாதாரணப் பதிவில் ஓடும் இந்தியத் தயாரிப்பே பொருத்தம். விலையும் கைக்கு எட்டும்.

எந்த மாடல்?

கண்ணுக்குப் பிடித்த வண்டி ஒன்று இருக்கும். உங்கள் ஊர் மெக்கானிக்குக் கைவந்த வண்டி இன்னொன்றாக இருக்கலாம். முதல் காருக்கு மெக்கானிக்கின் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர்: பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே வரை தயாரிப்பு நடந்தது. இவ்வளவு நீண்ட காலம் ஓடியதால் பிரேக் கிட், கிளட்ச் பிளேட், கிங்பின் போன்றவை இன்றும் கிடைக்கின்றன. அரசு அலுவலகங்களிலும் வாடகைக் கார் நிலையங்களிலும் ஓடியதால், ஊருக்கு ஓரிருவராவது இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். 1489 சி.சி. பெட்ரோல், டீசல், பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்று எஞ்சின்கள் பல. முதல் வண்டிக்கு இசுசு பெட்ரோல் நல்ல தேர்வு. பழமையின் சுவை வேண்டும் என்பவர் 1489 பெட்ரோலைத் தேடலாம்.

பிரீமியர் பத்மினி: இத்தாலியின் ஃபியட் 1100 டி, மும்பை குர்லாவில் 1964 முதல் தயாரானது. 1970-களின் நடுவில் பத்மினி என்ற பெயர் வந்தது. 1089 சி.சி. எஞ்சின், பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். அம்பாசடரைவிட இலேசானது, நகரத்துச் சந்தில் வளைக்கச் சுலபமானது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாகப் பல பத்தாண்டுகள் ஓடி, 2023 அக்டோபரோடு அங்கே ஓய்வு பெற்றது. டாக்சிக்காகப் பெருகிய உதிரிபாகச் சந்தை இன்னும் முழுதாக வற்றிவிடவில்லை. அது வாங்குபவருக்கு நல்ல செய்தி.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு: நம் மண்ணில் பிறந்த வண்டி. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்தது. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம் என்பதால், தானே பழுது பார்க்கக் கற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் எஞ்சியிருக்கும் வண்டிகள் குறைவு. பிரிட்டனில் டிரையம்புக்காக இன்றும் செய்யப்படும் எஞ்சின், பிரேக் உதிரிபாகங்கள் பல இதற்கும் பொருந்தும். இந்தியாவுக்கென்றே உருவான நான்கு கதவு மாடலின் பாடிப் பாகங்கள் மட்டும் அங்கேயும் கிடைக்காது.

மாருதி 800: 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவி கைமாறியது. 1986-இல் உருவம் மாறும்வரை வந்த அந்த முதல் வடிவம் இன்று நாற்பது வயதை எட்டிவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். 800-இன் தயாரிப்பு 2014 வரை நீடித்ததால் எஞ்சின் வேலை தெரியாத மெக்கானிக்கே இல்லை. முதல் வடிவத்தின் விளக்குகள், கிரில், டாஷ்போர்டு ஆகியவைதான் அரிது. பணம் மிகக் குறைவாக இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வண்டியைத்தான்.

கான்டெஸா, பிரீமியர் 118 என்.இ. இரண்டும் அழகானவை. பாகம் தேடப் பொறுமை வேண்டும் என்பதால் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காகிதம்

பழைய கார்களில் பெரும்பாலும் சிக்குவது உரிமையாளர் பெயர். ஆர்.சி. தாத்தா பெயரில் இருக்கும், விற்க வந்தவர் பேரனாக இருப்பார். அப்படியானால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் தேவைப்படும். அதை முடித்த பிறகே படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு வரும். "நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க தம்பி, பேரு மாத்திக்கலாம்" என்று சொன்னால், "மாத்தி வையுங்க அண்ணே, முழுப் பணத்தோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அரசு ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலத்தாள்களையும், அதன்படி பெயர் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்கான படிவம் 32.

அடுத்தது பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது. சொந்தக் காரின் பதிவு முதல் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்த காருக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு, விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணமும் சேரும். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் விலை பேசும் முன் பரிவாகன் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாக்கி எவ்வளவு என்று கணக்கிட்டு அதை விலையில் குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை.

மாவட்டக் குறியீட்டு எண் வருவதற்கு முந்தைய காலத்து, மூன்றெழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட பலகைக்குத் தனி அழகு உண்டு. ஆனால் அத்தகைய வண்டிகளின் விவரம் பல நேரம் பழைய பதிவேட்டிலேயே நின்றுவிட்டிருக்கும், கணினியில் ஏறியிருக்காது. பரிவாகன் தளத்திலோ செயலியிலோ எண்ணைப் போட்டும் எதுவும் வரவில்லை என்றால், பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றித் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். வண்டி வேறு மாவட்டத்தில் அல்லது மாநிலத்தில் பதிவானதென்றால் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதற்குப் படிவம் 28. பழைய கடன் பதிவு ஆர்.சி.யில் நீங்காமல் இருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35.

கடைசியாக, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் இருந்தாலோ, எழுத்துகள் ஒரே வரியில் நிற்காமல் ஏறி இறங்கினாலோ திரும்பிவிடுங்கள். எஞ்சின் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பதிவு ரத்தான வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அது உதிரிபாகத்துக்கு மட்டுமே உதவும்.

பிறகு உடம்பு

அம்பாசடர், பத்மினி, மாருதி 800 மூன்றுக்கும் தனிச் சேஸிஸ் சட்டம் கிடையாது. தரைத்தகடும் பக்கவாட்டுப் பெட்டிகளும் கூரையும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அதனால் தரையில் துரு என்றால் எலும்பில் துரு என்று பொருள். ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. அதில் பாடி துருப்பிடித்தாலும் கழற்றிச் செய்ய வழியிருக்கிறது. ஆனால் சட்டத்தையே தனியாகச் சோதிக்க வேண்டும்.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் பாருங்கள். இரவிலும் மழை நனைத்த உடனும் எல்லா பெயின்ட்டும் பளபளக்கும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய், கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, மட்கார்டின் கீழ்முனை, கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டி ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவினால் உள்ளே தகடு போய், டிங்கரிங்குக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்கள். கால்மிதிகளைத் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். பேட்டரித் தட்டின் அடியையும் பாருங்கள், அமிலம் சிந்திச் சிந்தி அங்கே தகடு அரித்திருக்கும். கடலோர ஊர்களில் வெட்டவெளியில் நின்ற வண்டியில் உப்புக்காற்று உள்ளிருந்தே தின்றிருக்கும். தருமபுரி, சேலம் பக்கம் கொட்டகையில் நின்ற வண்டி பெயின்ட் மங்கியிருந்தாலும் தகடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மங்கிய பழைய பெயின்ட்டைப் பார்த்துத் தயங்காதீர்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியும். விற்பதற்காக அடித்த புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும்.

கதவைப் பாதி திறந்து மெல்லத் தூக்குங்கள். கதவு ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, சரிசெய்யலாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் உடம்பே தொய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி முதல்முறை வாங்குகிறவருக்கு வேண்டாம்.

வண்டி முழுமையாக இருக்கிறதா என்பதை இந்த நேரத்திலேயே எண்ணிக்கொள்ளுங்கள். பிஸ்டன், பிரேக் ரப்பர், பேரிங் எல்லாம் கடையில் கிடைக்கும். கிரில், க்ரோம் பட்டை, பின்விளக்குக் கண்ணாடி, மீட்டர், கதவுக் கைப்பிடி, வளைந்த முன்கண்ணாடி ஆகியவைதான் வருடக்கணக்கில் அலையவிடும். சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தாவின் மல்லிக் பஜார் என்று தேடலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஓடாத முழு வண்டியும், ஓடுகிற அரைகுறை வண்டியும் ஒரே விலையில் கிடைத்தால் ஓடாததை எடுங்கள். உங்கள் மாடலில் அசல் எப்படி இருந்தது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் கண்காட்சிகளுக்குப் போங்கள். சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜீடீ கார் அருங்காட்சியகமும் ஒரு முழு நாளுக்கான பாடம்.

கடைசியில் எஞ்சின்

வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். சோக்கை இழுத்து ஓரிரு முறையில் பிடித்தால் நல்லது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் பக்கமோ வேலை இருக்கிறது. கறுப்புப் புகை கார்புரேட்டர் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றுவதைக் காட்டும், அது சிறு வேலை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகலாம். அப்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால் கலந்த தேநீர் போன்ற நுரை ஒட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பத்மினியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும். ஆகவே ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் மூன்றையும் வாங்கிய வாரமே சரிபார்த்துவிடுங்கள். அம்பாசடரின் பழைய 1489 எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பு, வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஆனால் அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வடிவம். ஈயம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தைபோல் நின்றது. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் இருக்கை மெல்லத் தேயும். எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், லேத்தில் கொடுத்துக் கடினமான இருக்கை வளையம் பொருத்திவிடுங்கள். அதோடு அந்தக் கவலை தீரும்.

இன்றைய பெட்ரோலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது நாடெங்கும் கிடைக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டருக்குள் அரிப்பை உண்டாக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். கசிந்த பெட்ரோல் துளி சூடான எக்ஸாஸ்ட்டில் விழுந்தால் தீப்பிடிக்கும். சிறிய தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம். இந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பெடலை அழுத்திப் பிடித்து அரை நிமிடம் நில்லுங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு. எவ்வளவு நல்ல வண்டியானாலும் வாங்கியதும் மாஸ்டர் சிலிண்டர் கிட், சக்கர சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அம்பாசடரில் தளர்வு தெரிந்தால் கிங்பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். டயர் புதுசுபோல் இருந்தாலும் பக்கவாட்டிலுள்ள நான்கு எண்ணைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு தாண்டிய டயரில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. இருக்கைப் பட்டை இல்லாவிட்டால் பொருத்திக்கொள்ளுங்கள். அசல் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிரைவிட அசல் பெரிதல்ல.

பணத்தைப் பாதியாகப் பிரியுங்கள்

கையில் இரண்டு லட்சம் இருந்தால் வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை ஆவணம், பிரேக், டயர், வயரிங், குழாய்கள் என்று முதல் ஆறு மாதமே கேட்டுவிடும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், அது இல்லாமல் தெருமுனைவரைகூட எடுக்காதீர்கள். இதற்காகத் தனிநபர் கடன் வாங்கவும் வேண்டாம். மாதத் தவணை நெருக்கும்போது வண்டியின் மேலுள்ள ஆசையே கசந்துபோகும். பழுதுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நிற்பதற்கானவை முதலில், ஓடுவதற்கானவை அடுத்து, அழகு கடைசியில். முதல் வருடம் பெயின்ட்டைத் தொடவே வேண்டாம்.

வண்டி தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்பவர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளியைக் கைப்பழக்கத்திலேயே வைப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அந்த வேலைக்கு வண்டி வராததால் சிலர் பட்டறையை மூடிவிட்டார்கள். அவர்களிடம் போய், "அண்ணே, ஃபியட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், கூட வந்து பாக்குறீங்களா?" என்று கேளுங்கள். வந்த நாளுக்கு மறக்காமல் கூலி கொடுங்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேலையின்போதும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுங்கள். என்ன கழற்றினார், ஏன் கழற்றினார் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு பத்மினியின் கிரில்லை இருபது வருடம் கழித்தும் எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். அந்தக் கைகளுக்குத் தெரிந்ததை அப்படித் தேடி எடுக்க முடியாது. மெக்கானிக் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்ததற்கான காரணம் உங்களுக்கும் புரிந்துவிட்டால், அடுத்த முறை உங்கள் நண்பர் வண்டி பார்க்கக் கூப்பிடும்போது நீங்களும் முதலில் ஆர்.சி.யைக் கேட்பீர்கள், பிறகு கால்மிதியைத் தூக்குவீர்கள்.